ஆயக்கட்டில் இல்லாதவர்கள்

"சும்மா கெடைக்கறதுக்கு நாம எதுக்குங்க காசு குடுக்கோணும்?"

போன தை மாதம் எங்கள் ஊர் அரசுப் பள்ளியின் முன்னாள் மாணவர் கூட்டத்தில் இப்படிக் கேட்டவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்றிக் கொடுத்தவர் அவர். வருடத்துக்கு ஒரு பிள்ளைக்காவது கைக்காசில் காலேஜ் ஃபீஸ் கட்டுகிறவர். அன்றைக்குப் பேச்சு, வாசலில் நுழைவு வளைவு கட்டுவதைப் பற்றி. வசூல் பாதிக்கு மேல் வந்துவிட்டது. அதில் ஒரு பகுதியை எடுத்து, ஐ.ஐ.டி.க்காரர்கள் இணையத்தில் போட்டிருக்கும் பாடங்களுக்குத் தமிழில் குறிப்பு எழுதச் செலவழிக்கலாமே, எழுதியதை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி போட்டுவிடலாமே என்று நான் சொன்னேன். எங்கள் பள்ளியிலிருந்து ஐ.டி.ஐ.க்கும் பாலிடெக்னிக்குக்கும் போகிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு ஆகுமே என்று. அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து டீ வந்துவிட்டதால் பேச்சு வளைவின் உயரத்துக்குப் போய்விட்டது. கரும்பு லாரி நுழையுமா நுழையாதா என்று.

கேள்வி முட்டாள்தனமானதாக இருந்திருந்தால் அன்றே மறந்திருப்பேன். அது நியாயமான கேள்வி. அதனால்தான் இத்தனை மாதமாக அரித்துக்கொண்டே இருக்கிறது. வளைவுக்குச் செலவு கண்ணுக்குத் தெரியும்: சிமெண்ட், கம்பி, கொத்தனார் கூலி. கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டி வைக்கலாம். நம் பக்கத்தில் கோயில் ஃபேன் இறக்கையில்கூட உபயதாரர் பெயர் இருக்கும். ஃபேன் சுற்றும்போது அதை எவராலும் படிக்க முடியாது என்பது வேறு சங்கதி. யூடியூபில் ஓடுகிற ஒரு மணி நேர வகுப்பில் எந்த இடத்தில் கல் பதிப்பது? அதோடு, அந்த வகுப்பு நாம் கொடுக்காவிட்டாலும் நாளைக்கும் அங்கேயே இருக்கப் போகிறது. அரசாங்கம் போட்டது, அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். வரி கட்டியாச்சு. இதற்கு மேல் எதற்கு?

இந்த வாதத்தில் எங்கோ ஒரு ஓட்டை இருக்கிறது என்று தெரிந்தது. எங்கே என்று பிடிபட வேறு ஒரு சண்டை தேவைப்பட்டது. அதற்கு முன், எனக்கு இதில் என்ன அக்கறை என்று சொல்லிவிடுகிறேன்.

டெஸ்ட் பெஞ்சில் படித்தது

நான் டிப்ளமோ மெக்கானிக்கல். கோவை கணபதியில் ஒரு மோட்டார் பம்பு யூனிட்டில் டெஸ்ட் பெஞ்சில் வேலை. அசெம்பிளியிலிருந்து வருகிற பம்பை மாட்டி, எத்தனை உயரத்துக்கு ஏற்றுகிறது (ஹெட்), எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது (டிஸ்சார்ஜ்), மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று எடுத்துக் கர்வ் போடுவது. பெஞ்சில் தேறினால் பெயின்ட்டுக்குப் போகும், தேறாவிட்டால் திரும்பி அசெம்பிளிக்கு. சில வருடங்களுக்கு முன் ஒரு வகை மோனோபிளாக் பம்பு மட்டும் வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்துகொண்டே இருந்தது. கூழாங்கல்லை உள்ளே போட்டு அரைப்பது போலச் சத்தம் வருகிறது, தண்ணி குறைகிறது என்று புகார். கழற்றினால், தண்ணீரைச் சுழற்றித் தள்ளுகிற சக்கரமான இம்பெல்லரின் கண்ணை, அதாவது தண்ணீர் உள்ளே நுழைகிற வாயைச் சுற்றி உலோகம் பொத்தல் பொத்தலாக அரித்துப் போயிருக்கும். வார்ப்பு சரியில்லை என்றார் எங்கள் ஃபோர்மேன். ஃபவுண்டரிக்காரர் தன் வார்ப்பைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கே வந்துவிட்டார். பெஞ்சில் மாட்டினால் அதே மாடல் ஒரு சத்தமும் இல்லாமல் ஓடியது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மொபைலில் தேடப் போய்த்தான் அந்த வகுப்பு கிடைத்தது. ஐ.ஐ.டி. பேராசிரியர் ஒருவர், கரும்பலகை முன்னால், எந்த அலங்காரமும் இல்லாமல், தண்ணீர் ஏன் சூடாகாமலே கொதிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். டிப்ளமோவில் கேவிடேஷன் எங்களுக்கு இரண்டு மார்க் கேள்வி. விளக்கம் ஒன்றை மனப்பாடம் செய்து எழுதி மார்க் வாங்கியிருந்தேன். அவர் அதைக் கணக்காகப் போட்டுக் காட்டினார். பம்பு தண்ணீரை இழுப்பதில்லை; வெளியே இருக்கும் காற்றுதான் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அந்தக் காற்றழுத்தம் 10.3 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம். அதிலிருந்து கிணற்று ஆழத்தைக் கழி, குழாய் உராய்வைக் கழி, ஆவியழுத்தத்தைக் கழி. மிச்சம் இருப்பது பம்புக்குத் தேவையான அளவை விடக் குறைந்தால், இம்பெல்லர் கண்ணிலேயே தண்ணீர் ஆவியாகிக் குமிழி கிளம்பும். அந்தக் குமிழிகள் அழுத்தம் கூடுகிற இடத்துக்குப் போய் உடையும்போது உலோகத்தைக் கொத்தி எடுக்கும்.

ஆங்கிலம்தான் தடை. நிறுத்தி, பின்னால் தள்ளி, ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பேன். பலகையில் எழுதியதை வைத்துப் பேச்சைப் புரிந்துகொண்டது பாதி. கடைசியில் புகார் ரெஜிஸ்டரை எடுத்து ஊர்ப் பெயர்களைப் பார்த்தபோது விஷயம் துலங்கியது. கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கம். மலைக்காய்கறித் தோட்டங்களுக்குப் போன பம்புகள் மட்டும் திரும்பி வந்திருந்தன. 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் 8 மீட்டர் அளவுதான். கோவையில் தாங்குகிற சக்‌ஷன் ஆழம் அங்கே தாங்காது. ஃபவுண்டரிக்காரர் மேல் எந்தத் தப்பும் இல்லை. மலைக்குப் போகிற பம்புக்கு உறிஞ்சும் உயரத்தைக் குறைத்துப் பரிந்துரைக்கும் தாள் ஒன்றை முதலாளி அடித்து டீலர்களுக்கு அனுப்பினார்.

நான் அந்தப் பாடத்தில் பதிவு செய்யவில்லை. தேர்வு எழுதவில்லை, சான்றிதழ் வாங்கவில்லை. லாக்-இன் கூடச் செய்யவில்லை. முதலில் வகுப்பைப் பார்த்த அந்த மொபைலும் இப்போது இல்லை. அங்கே நான் வந்து போனதற்கான தடம் என்று இருந்தால், அது யூடியூபில் ஏறிய சில எண்கள்தான்.

யார் கொடுத்த காசு

அந்த வகுப்பு எனக்கு வந்து சேர்ந்த வழி நீளமானது. 1999-ல் பேச்சாகத் தொடங்கி, 2003-ல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து ஆரம்பித்தது என்.பி.டி.இ.எல். திட்டம். பணம் அன்றைய மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்துடையது. முதல் கட்டத்துக்கு 20.47 கோடி ரூபாய். இணையம் ஊர்ந்துகொண்டிருந்த அந்த நாளில், கல்லூரிகள் ஹார்டு டிஸ்க்கில் பாடங்களை நிரப்பி வாங்கி வைத்துக்கொண்ட கதையைப் பழைய லேப் அசிஸ்டென்ட்கள் இன்றும் சொல்வார்கள்.

இதற்கு இரண்டு வருடம் முன்பு, 2001 ஏப்ரலில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் பாடங்கள் அனைத்தையும் உலகத்துக்குத் திறந்து வைப்பதாக அறிவித்தது. தொடக்கத்துக்கு ஹியூலட், மெலன் என்ற இரு அறக்கட்டளைகள் சேர்ந்து 1.1 கோடி டாலர் கொடுத்தன. 2007-க்குள் 1,800 பாடங்கள் ஏறிவிட்டன. ஒரு பாடத்தைத் தயார்செய்து ஏற்ற 10,000 முதல் 15,000 டாலர் வரை ஆகிறது, வீடியோ என்றால் அதைப் போல இரு மடங்கு என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். பேராசிரியர் ஏற்கெனவே நடத்துகிற வகுப்புதானே, கேமராவை வைத்தால் போதாதா என்று எனக்கும் தோன்றியது. போதாது. வகுப்பறைக்குள் எவரோ வரைந்த படத்தைக் காட்டலாம்; அதையே ஊருக்கெல்லாம் போடும்போது படத்தின் சொந்தக்காரரிடம் அனுமதி வாங்க வேண்டும், கிடைக்காவிட்டால் புதிதாக வரைய வேண்டும். ஒலி சரி பார்க்க வேண்டும், எழுத்து வடிவம் தயாரிக்க வேண்டும், சர்வர் வாடகை கட்ட வேண்டும். போட்ட பிறகும் ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதை அமெரிக்காக்காரர் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. எம்.ஐ.டி. அறிவிப்புக்கு இரண்டு மாதம் முன்பே, 2001 பிப்ரவரியில், தமிழ்நாட்டு அரசு தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கிவிட்டது. இன்றைக்கு அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம். என் அக்கா மகள் தமிழாசிரியர் தேர்வுக்குப் படித்தபோது சங்க இலக்கியமும் யாப்பும் அங்கிருந்துதான் படித்தாள். பழையகோட்டைச் சாலையில் தறிச்சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் யாப்பிலக்கணம் படித்தாள் என்று எந்த அறிக்கையிலும் வராது. அவளும் லாக்-இன் செய்யவில்லை.

கசிவுநீர்

கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவதைப் பற்றிய சண்டை ஈரோட்டுப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் குடும்பத்திலேயே இரண்டு கட்சி. அப்பாவுக்கு இருக்கிற கொஞ்சம் நிலம் ஆயக்கட்டில், அதாவது வாய்க்கால் தண்ணீருக்கு உரிமை உள்ள பரப்பில், கடைமடையை ஒட்டி. ஒவ்வொரு போகத்திலும் தண்ணீர் வந்து சேர்வதற்குள் மேலே இருப்பவர்கள் நடவே முடித்திருப்பார்கள். மண் வாய்க்காலில் பாதி வழியில் கசிந்து போகிறது, கரையும் உடைகிறது, கான்கிரீட் போட்டால்தான் கடைசி மதகு வரை தண்ணீர் வரும் என்பது அவர் கட்சி. சென்னிமலைப் பக்கம் இருக்கும் என் மாமாவின் தோட்டம் வாய்க்காலுக்கு அருகில்தான், ஆனால் ஆயக்கட்டில் சேராது. அவருக்குக் கிணறுதான் எல்லாம். வாய்க்காலில் தண்ணீர் விட்டால் கிணற்றில் நீர்மட்டம் ஏறும், நிறுத்தினால் இறங்கும். கான்கிரீட் போட்டால் அவருடைய தென்னையும் மாட்டுத் தீவனமும் போயிற்று.

ஒரு விருந்துக்குப் போன இடத்தில் இருவரும் இதே பேச்சை எடுத்துவிட்டார்கள். அப்பா எண்களோடு பேசினார். 200 கிலோமீட்டர் வாய்க்கால், 2.07 லட்சம் ஏக்கர் ஆயக்கட்டு, ஒற்றைப்படை மதகுக்கு இத்தனை, இரட்டைப்படை மதகுக்கு இத்தனை. மாமாவிடம் எண் எதுவும் இல்லை. பாயசத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஆயக்கட்டுக்காரனுக்கு மதகுல அளந்து உடறாங்க மச்சா. எங்க கெணத்துக்கு எவன் அளந்து உட்டான்? ஊறுது, எறைக்கறோம். கணக்குல நாங்க எங்கியுமே இல்ல. அதனாலதான் நாங்க போயி நின்னா, நீ யாருன்னு கேக்கறான்."

அப்பா பதில் சொல்லாமல் இலையை மடக்கினார். எனக்கோ முன்னாள் மாணவர் கூட்டத்துக் கேள்வி அங்கே வந்து நின்றது. டெஸ்ட் பெஞ்சில் இருந்த நான், யாப்பு படித்த அக்கா மகள், எங்கள் வைண்டிங் செக்‌ஷனில் மூன்று ஃபேஸ் மோட்டார் பாடத்தைச் சத்தமாக வைத்துக் கேட்கிற அண்ணன், நாங்கள் எல்லோரும் மாமாவின் கிணறு. இந்தத் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் எங்களுக்கென்று ஒதுக்கவில்லை. ஒதுக்கியது பதிவு செய்த மாணவருக்கு, சேர்ந்த கல்லூரிக்கு. அங்கிருந்து கசிந்தது எங்களுக்கு வந்தது.

கசிவு வீண் என்று நினைப்பதற்கு ஒரு கணக்குப்பிள்ளைத் தர்க்கம் இருக்கிறது. அதை நான் கிண்டல் செய்ய மாட்டேன்; கடைமடையில் நிற்கிற அப்பாவின் பக்கமும் நியாயம்தான். என்.பி.டி.இ.எல். 2014 வாக்கில் சான்றிதழ்ப் பாடங்களுக்கு வந்தது. பார்ப்பது இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் மையத்துக்குப் போய்த் தேர்வு எழுத வேண்டும், அதற்கு ஆயிரம் ரூபாய். 2017-ல் மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயம் வந்தது. 2021-ல் பல்கலைக்கழக மானியக் குழு, ஒரு செமஸ்டரில் 40 விழுக்காடு பாடங்கள் வரை இப்படி இணையத்தில் படித்து கிரெடிட் வாங்கலாம் என்றது. வாத்தியாரே இல்லாத பாடத்தை ஊர்ப்புறக் கல்லூரிப் பையன் ஒருவன் நல்ல பேராசிரியரிடம் கேட்டு, அதை மார்க் ஷீட்டிலும் ஏற்ற முடிகிறது என்றால் அது பெரிய காரியம். கடைசி மதகுக்குத் தண்ணீர் போய்ச் சேர்கிறது.

ஆனால் அளக்க ஆரம்பித்ததும் அளவுக்காக நடப்பதும் ஆரம்பிக்கிறது. என் சித்தி பையன் படிக்கிற தனியார் கல்லூரியில் ஆளுக்கு இத்தனை பாடம் பதிய வேண்டும் என்று கட்டாயம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வகுப்பு ஆலோசகருக்கு அனுப்ப வேண்டும். வாராவாரம் அசைன்மென்ட் விடைகள் டெலிகிராமில் வந்துவிடுகின்றன. எலைட், சில்வர், கோல்டு என்று சான்றிதழில் வருகிற பட்டத்தைக் கல்லூரி ஃபிளக்ஸ் அடித்து ஒட்டுகிறது. பையன் ஒரு வகுப்பைக்கூட முழுசாகக் கேட்டதில்லை. கேட்க விடுவதாகவும் இல்லை. இதில் பாடம் எடுத்த பேராசிரியர் மேலோ திட்டத்தின் மேலோ எனக்குக் கோபம் இல்லை. அமைச்சகத்துக்குப் போகிற அறிக்கையில் இவன் ஒரு எண், நான் பூஜ்யம் என்பதுதான் உறுத்துகிறது. நாளைக்குப் பணம் குறைந்தால் எதை வெட்டுவார்கள்? பதிவு இல்லாமல் பார்க்க விட்டிருப்பதைத்தான். லாக்-இன் போடு, கட்டணம் போடு, பார்க்கிறவர் யாரென்று தெரியட்டும் என்பார்கள். ஆயக்கட்டு காப்பாற்றப்படும், கிணறு வற்றும்.

நடக்காததைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை. அமெரிக்காவில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகம் எம்.ஐ.டி. வழியில் பாடங்களைத் திறந்து வைத்திருந்தது. நடத்துவதற்கு வருடம் 1,20,000 டாலர் அளவு தேவைப்பட்டது. மானியம் தீர்ந்ததும் 2009-ல் நிறுத்திவிட்டார்கள். பெரிய பல்கலைக்கழகத்துக்கு அது ஒரு பேராசிரியரின் சம்பளத்தை ஒட்டிய தொகை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் சங்கடமானது. 20,000-க்கும் மேற்பட்ட வகுப்பு வீடியோக்களைப் பொதுவில் வைத்திருந்தார்கள். பலவற்றில் பேச்சை எழுத்தில் காட்டுகிற எழுத்துவரி சரியாக இல்லை, எங்களால் பயன்படுத்த முடியவில்லை என்று காது கேளாதோர் தரப்பிலிருந்து புகார் போனது. புகார் நியாயமானது என்று 2016-ல் அமெரிக்க நீதித்துறை சொன்னது. எழுத்துவரி போடச் செலவாகும் என்று கணக்குப் போட்ட பல்கலைக்கழகம், 2017 மார்ச்சில் எல்லாவற்றையும் பொதுப்பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. புகார் கொடுத்தவர்களுக்கும் கிடைக்கவில்லை, மற்றவர்களுக்கும் இல்லாமல் போனது. அந்த எழுத்துவரி இருந்திருந்தால் அதிகம் பயன்பட்டிருக்கக் கூடியவர்களில் ஆங்கிலம் காதில் தட்டுத் தடுமாறி ஏறுகிற என்னைப் போன்றவர்களும் உண்டு. கேட்க முடியாததைப் படித்துக்கொள்வோம்.

எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் ஆளுக்கு 3 கோடி டாலர் போட்டு 2012-ல் தொடங்கிய இணையப் பாடத் தளமான எட்எக்ஸ் லாப நோக்கமில்லாத அமைப்பு. 2021-ல் அதை 80 கோடி டாலருக்கு ஒரு கம்பெனிக்கு விற்றார்கள். வாங்கிய கம்பெனி 2024-ல் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது. விற்ற பணம் கல்விக்கான ஒரு தனி அமைப்புக்குத்தான் போயிருக்கிறது, நல்ல காரியங்கள் நடக்கலாம். ஆனாலும் இலவசமாகக் கொடுக்க என்று வெட்டிய வாய்க்காலை விலை பேச முடிந்திருக்கிறது.

ஐந்தாவது பங்கு

சரி, யார் கொடுப்பது? பயன்பட்டவன் கொடுக்கட்டும் என்பது உடனே வருகிற பதில். பத்து ரூபாய் கொடு, ஐம்பது கொடு என்று கேட்டால் யார் தரமாட்டார்கள் என்பார்கள். நான் இன்று தருவேன். சாப்பாட்டு இடைவேளையில் முதல் வகுப்பைத் தட்டிய அன்று தந்திருக்க மாட்டேன். அன்றைக்கு எனக்கு அது வேண்டும் என்றே தெரியாது. பம்பின் சத்தத்துக்கும் மலைக்காற்றுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று தெரியாதவன், அதைச் சொல்லித் தருகிற வகுப்புக்கு எதை நம்பிக் காசு கட்டுவான்? பயன் முதலில், விலை பிற்பாடு தெரிகிற பொருள் இது. வாசலில் டிக்கெட் வைத்தால் உள்ளே வருகிறவர்கள் ஏற்கெனவே தெரிந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

பயன்பட்ட பிறகு கொடுக்கச் சொல்லலாமே என்றால், எம்.ஐ.டி. அதைத்தான் செய்கிறது. தன் பங்கைத் தான் போட்டுவிட்டு, மீதிக்கு அறக்கட்டளைகளையும் நிறுவனங்களையும் பயன்படுத்தியவர்கள் அனுப்பும் சிறு தொகைகளையும் நம்புகிறது. அங்கே அது ஓடுகிறது, அது எம்.ஐ.டி. என்பதால். யூட்டாவில் ஓடவில்லை.

இந்த இடத்தில் எனக்கு நம் ஊர்க் கதை ஒன்று இவை எல்லாவற்றையும் விடத் தெளிவாகப் படுகிறது. பீளமேட்டில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் சொத்தைப் பிரித்தபோது அதை ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கைத் தருமத்துக்கு என்று எழுதி வைத்தார்கள். 1926-ல் பி.எஸ்.ஜி. அறநிலையம் அப்படித்தான் வந்தது. கோவைக்காரர்களுக்கு இது பாடமாகிப் போன கதை, பெருமைக்குச் சொல்லிவிட்டுப் போய்விடுவோம். நான் அதில் கவனிப்பது தொகையை இல்லை, நேரத்தை. லாபத்தில் மிஞ்சியதைக் கொடுக்கவில்லை, யாருக்கு எவ்வளவு பயன் என்று அளந்து பார்த்துக் கொடுக்கவில்லை. பாகம் பிரிக்கிற அன்றே, இன்னும் பிறக்காத மாணவர்களையும் ஒரு பங்காளியாக உட்கார வைத்துவிட்டார்கள். பங்காளியிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.

திறந்த பாடங்களுக்குப் பணமும் அப்படித்தான் வர வேண்டும் என்பது என் அபிப்பிராயம். முதல் பங்கு அரசாங்கத்துடையது. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வரிப்பணத்தில் சம்பளம் வாங்கும் பேராசிரியரின் வகுப்பு வரி கட்டியவர் காதுக்கு வருவது சலுகை ஆகாது. பல்கலைக்கழகத்துக்குக் கட்டடத்துக்கு ஒதுக்கும்போதே பாடங்களைத் திறந்து வைப்பதற்கும் ஒதுக்கிவிட வேண்டும், எத்தனை பேர் பதிந்தார்கள் என்று கேட்காமல். அடுத்து, காலி இடத்துக்கு ஆசிரியரைப் போடாமல் ஸ்மார்ட் போர்டில் என்.பி.டி.இ.எல். வீடியோவை ஓட விட்டு, பிள்ளைகளிடம் முழுக் கட்டணம் வாங்குகிற கல்லூரிகள். அந்த ஆசிரியரின் சம்பளத்தில் பாதியையாவது அவை இதற்குக் கட்ட வேண்டும். இதைச் சொன்னால் எனக்குத் தெரிந்த இரண்டு தாளாளர்கள் பேச மாட்டார்கள், பரவாயில்லை.

மூன்றாவது எங்கள் பம்புத் தொழில், திருப்பூர்ப் பனியன், சோமனூர் விசைத்தறி, நாமக்கல் லாரி பாடி. 2013 கம்பெனிச் சட்டப்படி வருட நிகர லாபம் 5 கோடியைத் தொட்ட கம்பெனி, சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகக் காரியத்துக்குச் செலவழிக்க வேண்டும். கல்வியும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் ஷெட் போட்டு ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் அந்த வரம்புக்குள் வருவதில்லை. யாரும் அவர்களைக் கேட்பதும் இல்லை, அவர்களாகத் தருவதும் இல்லை. அங்கே லேத்தில் நிற்கிற, வைண்டிங் சுற்றுகிற பையன்கள்தான் இந்தப் பாடங்களைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறவர்கள். பெரிய தொகை வேண்டாம். ஐ.ஐ.டி.க்காரர்கள் படம் பிடித்துவிட்டார்கள், தமிழில் மொழிபெயர்ப்புகளும் வரத் தொடங்கியிருக்கின்றன. ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் மென்பொருள் பாடங்கள் தமிழிலேயே பேசுகின்றன. விட்டுப்போயிருப்பது இடைவெளி: மொழிபெயர்ப்பில் வருகிற கலைச்சொல்லுக்கும் ஷாப் ஃப்ளோரில் நாங்கள் சொல்கிற பெயருக்கும் நடுவே இருப்பது. அதை நிரப்ப, பாடம் தெரிந்த ஒருவரும் பட்டறை தெரிந்த ஒருவரும் மாலை நேரங்களில் உட்கார்ந்தால் போதும். அவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். சேவை என்று சொல்லி உட்கார வைத்தால் நான்காவது வாரம் வர மாட்டார்கள். வராததில் தப்பும் இல்லை.

இதை எங்கள் முதலாளியிடம் போன மாதம் சொன்னேன். மலைப் பம்பு விவகாரம் அவருக்கு ஞாபகம் இருந்தது. அதிகம் கேட்கவில்லை. "வருசத்துக்கு இவ்வளவுன்னு ஒரு தொகை சொல்லிருப்பா, ஏப்ரல்லயே எடுத்து வெச்சர்லாம்" என்றார். சிக்கல் அக்கவுண்டன்டிடம் வந்தது. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. டொனேஷன் என்றால் வாங்குகிற அமைப்பின் ரசீது வேண்டும். ஸ்டாஃப் வெல்ஃபேர் என்றால் நம் ஸ்டாஃப் மட்டும்தான் படிக்க வேண்டும், ஊரில் இருப்பவனெல்லாம் படிக்க நாம் எப்படி எழுதுவது என்கிறார். விளம்பரம் என்று போட்டுவிடலாம், ஆனால் குறிப்பில் கம்பெனி பெயர் பெரிதாக வர வேண்டும் என்கிறார். நான் வேண்டாம் என்றேன். முதலாளி சிரித்துவிட்டு, ஆடிட்டர் வரட்டும், கேட்டுக்கொள்ளலாம் என்றார். குறிப்பு எழுத ஒரு பாலிடெக்னிக் விரிவுரையாளர் ஒத்துக்கொண்டிருக்கிறார். சென்ட்ரிஃபியூகல் பம்பிலிருந்து ஆரம்பிக்கிறோம். முதல் பாகத்தில் மலை ஊர்களுக்கான சக்‌ஷன் கணக்கு, கோத்தகிரியை உதாரணமாக வைத்து. பெயர் போடுகிற பக்கம் பற்றி இன்னும் முடிவாகவில்லை.